பொம்மை ரூமை ஒதுங்க வைக்கிறது எப்படி: டப்பா வாங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைகளும் அதுக்கப்புறம் உள்ளதும்

மதுரைல பாதி வீட்டுல பிள்ளைகளுக்குன்னு தனி ரூம் கிடையாது. ஹால்ல ஒரு மூலை, இல்லாட்டி ரெண்டாவது பெட்ரூம்ல கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல கெடக்குற எடம், அதுதான் விளையாட்டு ரூம். அதனால இங்க சொல்றது தனி ரூம் இருக்கவங்களுக்கும் ஆகும், ஒரு பாய் விரிக்கிற அளவு மூலை இருக்கவங்களுக்கும் ஆகும்.

எங்க வீட்டுல செஞ்சு முடிச்சு, அப்புறம் தங்கச்சி வீடு, நாத்தனார் வீடு, மாடில குடியிருக்கவங்கன்னு கூட உக்காந்து செஞ்சு குடுத்ததுல பாத்தது என்னன்னா, எல்லாரும் சறுக்குறது ஒரே எடத்துல. மொத வேலையா கடைக்கு போயி கலர் கலரா டப்பா வாங்கிட்டு வந்துடுறாங்க, அப்புறம் அந்த டப்பாக்குள்ள கெடச்சதை எல்லாம் அள்ளிப் போடுறாங்க, ஒரு வாரத்துல பழையபடி ஆயிடுது. டப்பா கடைசிக்கு கிட்டத்துல வர்ற வேலை. வரிசை மாறாம செய்ங்க.

## 1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

பழைய பெட்ஷீட் ஒரு மூணு நாலு, ஜவுளிக்கடை கட்டப்பை ஏழெட்டு, மார்க்கர், இன்ச் டேப், சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் (பேட்டரி மூடிக்கு இது இல்லாம முடியாது), அகலமான செல்லோ டேப், டிஷ்யூ ரோல் தீர்ந்தப்புறம் நடுவுல மிஞ்சுற அட்டைக் குழாய் ஒண்ணு. குழாய் எதுக்குன்னு மூணாவதுல வரும்.

நேரம் காலைலயே எடுத்துக்குங்க. மத்தியானம் சாப்ட்டு ஆரம்பிச்சா நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துல கை ஓஞ்சிரும், பாதி கொட்டிப் பாதி கெடக்குற ரூமுக்குள்ள ராத்திரி படுக்கக்கூட எடம் இருக்காது. மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைன்னா அன்னைக்கு அப்பத்தா வீட்டுக்கோ அம்மாச்சி வீட்டுக்கோ அனுப்பிடுங்க. நாலு வயசு தாண்டிருச்சுன்னா கூட இருக்கட்டும், ஏன்னா எது எங்க போகுதுன்னு அதுக்கு தெரிஞ்சாத்தான் நாளைக்கு அது திருப்பி வைக்கும்.

## 2. எல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டுங்க

ரூம்ல இருக்கது மட்டும் இல்ல. கட்டிலுக்கு அடி, சோபா இடுக்கு, பீரோ மேல, பரண், வண்டி டிக்கி, பாத்ரூம் வாளி, அடுப்படில கரண்டி கிடக்குற டிராயர், எல்லா எடத்துலயும் தேடி எடுத்துட்டு வந்து பெட்ஷீட் மேல கொட்டுங்க.

இதை மட்டும் நிறைய பேர் செய்ய மாட்டாங்க, "இருக்க எடத்துலயே பிரிச்சுக்கிறேன்"னு சொல்வாங்க. அப்படி செஞ்சா ஒரே மாதிரி ஜேசிபி நாலு இருக்கது கண்ணுல படாது. கட்டிலுக்கடில ஒண்ணு, பரண்ல ஒண்ணு, தனித்தனியா பாக்கும்போது ஒவ்வொண்ணும் வேணுங்கற மாதிரியே இருக்கும். மொத்தமா குவிச்சாத்தான் கண்ணுக்கு கணக்கு தெரியும். பசில்ல காணாமப் போன துண்டு, சொப்பு சாமான்ல காணாமப் போன அம்மிக்குழவி எல்லாம் இந்தக் கட்டத்துலதான் ஜோடி சேரும்.

## 3. பிரிக்கிறது, இதுலதான் பாதி நேரம் போகும்

மொதல்ல இனம் பிரிங்க. யாரு வாங்கிக் குடுத்தது, எந்தப் பிள்ளையோடதுன்னு பாக்காதீங்க, அதுக்கு என்ன வேலைன்னு பாருங்க. ஓட்டுறது (கார், பஸ், ரயில்), கட்டுறது (பிளாக்ஸ்), சமைக்கிறது (சொப்பு), வரையுறது, பஞ்சு பொம்மை, பசில், உக்காந்து ஆடுறது (தாயம், பல்லாங்குழி, பரமபதம், கேரம் காய்), வெளில ஆடுறது. பெரும்பாலான வீட்டுல எட்டு குவியலுக்குள்ள அடங்கிரும். அதுக்கு மேல நுணுக்கமா பிரிக்காதீங்க. நாத்தனார் வீட்டுல காரையே போலீஸ் கார், ரேஸ் கார், லாரின்னு தனித்தனி டப்பால போட்டிருந்தாங்க, பாக்க அழகா இருந்துச்சு, ஆனா அதை பராமரிக்க அவங்க மட்டும்தான் முடிஞ்சுது, பையனால முடியல. பிள்ளை ஒரே பார்வைல "இது இங்க"ன்னு முடிவெடுக்கிற அளவுக்குத்தான் பிரிவு இருக்கணும்.

இனம் பிரிச்சப்புறம் ஒவ்வொரு குவியலையும் நாலா பாருங்க: வச்சுக்கிறது, குடுத்துடுறது, தூக்கிப் போடுறது, சந்தேகம். சந்தேகப் பைக்கு வாயைக் கட்டி தேதி எழுதி பரண்ல ஏத்திடுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள பிள்ளை பேர் சொல்லிக் கேட்டா எறக்குங்க, கேக்கலன்னா அப்படியே குடுத்துடுங்க, திரும்பப் பிரிச்சுப் பாக்காதீங்க, பிரிச்சா மனசு மாறிடும்.

இந்தப் பை இன்னொரு விதத்துலயும் கைகொடுக்கும். பெரியவங்க இருக்க வீட்டுல உடைஞ்ச காரைக்கூட தூரப்போட விட மாட்டாங்க, "காசு குடுத்து வாங்குனதுடி, சக்கரம் தானே போயிருக்கு"ன்னு குப்பைக்கூடைல இருந்து திரும்ப எடுத்து வச்சிருவாங்க. அவங்ககூட மல்லுக்கட்ட வேணாம். "இல்லத்தை, தூரப்போடல, பரண்லதான் வைக்கிறேன்"னு சொல்லுங்க, பொய்யும் இல்ல, வேலையும் நடந்துரும்.

இப்போ அட்டைக் குழாய். மூணு வயசுக்குக் கீழ பிள்ளை வீட்டுல இருந்தா, அந்தக் குழாய்க்குள்ள முழுசா உள்ள போற எந்தப் பொருளும் அந்தப் பிள்ளை கைக்கு எட்டுற எடத்துல இருக்கக் கூடாது, தொண்டைல அடைச்சுக்கும். பொம்மை சோதனை பண்றவங்க இதுக்குன்னு வச்சிருக்க உருளை 31.7 மில்லிமீட்டர் அகலம், நம்ம குழாய் அதைவிட கொஞ்சம் பெருசு, அதனால இன்னும் பத்திரம்தான். சோழி, பல்லாங்குழி முத்து, பொம்மை செருப்பு, பொம்மைக் கண்ணு, எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. மூணு பொருளுக்கு மட்டும் வயசெல்லாம் பாக்க வேணாம், சின்னப் பிள்ளை நடமாடுற வீட்டுல வைக்கவே வைக்காதீங்க: தண்ணில போட்டா ஊதிப் பெருசாகுற ஜெல்லி உருண்டை (வயித்துக்குள்ள போயும் ஊதும்), உதிரியா கழண்டு வர்ற பவர்ஃபுல்லான சின்ன காந்தம் (ரெண்டு முழுங்கிட்டா குடலை நடுவுல வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்), மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பட்டன் பேட்டரி பொம்மை.

பட்டன் பேட்டரி சமாச்சாரத்தை சாதாரணமா நெனைக்காதீங்க. தொண்டைல சிக்குச்சுன்னா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாய் வெந்துரும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம, வாழப்பழம் குடுத்துப் பாப்போம்னு உக்காராம, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும், வண்டி இல்லன்னா 108.

குடுக்கிறதுன்னு எடுத்து வச்சதை துடைச்சு, துண்டெல்லாம் முழுசா இருக்கான்னு பாத்து பக்கத்து அங்கன்வாடில கேட்டுட்டு குடுங்க. பாதி பசிலை தானம் பண்றது குப்பையை எடம் மாத்துறது. உடைஞ்ச பிளாஸ்டிக்கை பழைய இரும்புக்காரர் வந்தா எடை போட்டு எடுத்துக்குவார்.

## 4. கழுவுறதும் பேட்டரி கழட்டுறதும்

வச்சுக்கிறதுன்னு முடிவானதை மட்டும் கழுவுங்க, இதனாலதான் இந்த வேலை மூணுக்கு அப்புறம் வருது. பிளாஸ்டிக்கை சோப்புத் தண்ணில ஊற வச்சு கழுவி மொட்டை மாடில நெழல்ல காய வைங்க, நேர் வெயில் வேணாம், உச்சி வெயில்ல ரப்பர் பொம்மை பிசுபிசுன்னு ஆயிரும், அந்தப் பிசுக்கோட மத்த பிளாஸ்டிக்கோட சேத்து வச்சா அதுலயும் தடம் விழும். பஞ்சு பொம்மையை தலையணை உறைக்குள்ள போட்டு முடிச்சு போட்டு மெஷின்ல போடலாம், அதுக்கு நல்ல வெயில் வேணும், உள் பஞ்சு காயலன்னா நாறும். மரச் சொப்பை ஊற வைக்காதீங்க, வெடிக்கும், ஈரத்துணியால துடைச்சா போதும்.

பாட்டுப் பாடுற பொம்மை, லைட் எரியுற கார் எல்லாத்தையும் மூடியைத் தொறந்து பாருங்க. உள்ள வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருந்தா பேட்டரி கசிஞ்சிருக்கு. வெறுங்கையால தொடாதீங்க, கைல கவர் மாட்டிக்கிட்டு எடுங்க. பேட்டரில ஆல்கலைன்னு போட்டிருந்தா காது குடையுற பட்ஸ்ல ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டு துடைச்சா போகும், அப்புறம் ஈரம் போக நல்லா காயணும். பரண்ல ஏறப்போற எதுலயும் பேட்டரியை விட்டு வைக்காதீங்க.

## 5. மூணுல ஒரு பங்கு மட்டும் வெளில

வச்சுக்கிறதையும் மொத்தமா ரூம்ல அடுக்கக் கூடாது. மூணு பங்கா பிரிங்க, ஒவ்வொரு பங்குலயும் ஓட்டுறது கொஞ்சம், கட்டுறது கொஞ்சம், சமைக்கிறது கொஞ்சம்னு எல்லா இனமும் இருக்கணும். ஒரு பங்கு கீழ, ரெண்டு பங்கு கட்டப்பைல பரண்ல. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

காரணம் ரெண்டு. ஒண்ணு, கம்மியா இருந்தா இறைச்சாலும் கம்மியாதான் இறையும். இன்னொண்ணு, பிள்ளை உக்காந்து விளையாடும். 2018ல அமெரிக்காவுல டொலிடோ யுனிவர்சிட்டில ஒன்றரை வயசுல இருந்து ரெண்டரை வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை 4 பொம்மையோட ஒரு தடவையும் 16 பொம்மையோட ஒரு தடவையும் விளையாட விட்டுப் பாத்தாங்க, 4 இருந்தப்பதான் ஒரே பொம்மையை வச்சு ரொம்ப நேரமும் விதவிதமாவும் விளையாண்டுச்சுக. நம்ம வீட்டுல நாலோட நிறுத்த முடியாது, அது வேற.

பிள்ளை தூங்கறப்ப கட்டிப்பிடிக்கிற பொம்மை, தெனமும் தேடுற ஒண்ணு ரெண்டு இருக்கும், அதை சுழற்சில சேக்காதீங்க. சேத்தீங்கன்னா ராத்திரி பதினோரு மணிக்கு ஏணி போட்டு பரண் ஏறணும்.

## 6. எது எங்கன்னு எடம் போடுறது

பிள்ளையோட உயரத்துக்கு குத்த வச்சு உக்காந்து ரூமைப் பாருங்க. அதோட கை சுளுவா எட்டுற உயரத்துல தெனம் விளையாடுறது, தரையோட ஒட்டி கனமானது (பிளாக்ஸ், மரச்சாமான்), அதோட கைக்கு எட்டாத உயரத்துல பெரியவங்க கூட இருக்கும்போது மட்டும் எடுக்குறது, அதாவது பெயிண்ட், கத்திரிக்கோல், ஸ்லைம், கேரம் காய், அக்காவோட சின்னச் சின்ன பாகம். கனமானதை மேல வச்சா ரேக்கும் ஆடும், எட்டி இழுத்து தலைல போட்டுக்கும்.

ரேக்கு எதுவா இருந்தாலும் சுவத்தோட எல் கிளாம்ப் வச்சு ஸ்க்ரூ பண்ணிடுங்க. பிள்ளைக படிக்கட்டு மாதிரி ஏறும், எல்லாப் பிள்ளையும் ஒரு தடவையாவது ஏறும். வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர் சுவத்துல டிரில் போட விட மாட்டாரு, அப்போ உயரமான ரேக்கே வேணாம், முழங்கால் உயரத்துல அகலமா இருக்க ஸ்டாண்டு, இல்லாட்டி இருக்க ரேக்கையே படுக்க வச்சு உபயோகிங்க. பழைய வீட்டுல சுவத்துக்குள்ளயே கடப்பாக்கல் செல்ஃப் இருக்கும், அதைவிட நல்லது எதுவும் இல்ல, விளிம்பு கூரா இருந்தா மட்டும் ரப்பர் பட்டி ஒட்டிருங்க.

ஜன்னலுக்கு அடில ஏறி நிக்கிற மாதிரி எதையும் போடாதீங்க. மேக்குப் பாத்த ஜன்னல் பக்கம் கிரேயான் வைக்காதீங்க, சித்திரை வெயில்ல குழைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நடுவுல கொஞ்சம் வெறும் தரை விடுங்க, எல்லாப் பக்கமும் சாமானா அடைச்சுட்டா பிள்ளை விளையாட ஹாலுக்குத்தான் வரும், அப்புறம் ரூம் சுத்தமா இருக்கும், ஹால் நாறிக் கெடக்கும்.

## 7. இப்போ கடைக்கு போங்க

எத்தனை குவியல், ஒவ்வொண்ணும் எவ்வளவு, செல்ஃப் எத்தனை இன்ச் அகலம், உயரம், ஆழம், எல்லாம் இப்போ கைல இருக்கு. பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க. செல்ஃப் உயரத்தைவிட டப்பா ரெண்டு மூணு இன்ச் கம்மியா இருக்கணும், அப்பதான் இழுக்காமலே மேல வழியா கை விட்டு போட முடியும். டவுனுக்கு போகணும்னு இல்ல, நம்ம ஏரியா பிளாஸ்டிக் கடைலயே கெடைக்கும், அங்க டேப்பை வச்சு அளந்து பாத்து எடுங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டு போகட்டும்.

தெனம் எடுக்கிறதுக்கு மூடி வேணாம். மூடியைத் தொறந்து, வச்சு, திரும்ப மூடுறதுன்னா பிள்ளை மூணாவது நாளே விட்டுரும். திறந்த கூடை, இல்லாட்டி டிரேதான் சரி. மூடி உள்ளது பரணுக்கும், சின்ன பாகம் உள்ளதுக்கும், பசிலுக்கும் மட்டும். ஆழமான டிரம் மாதிரி கூடை வாங்காதீங்க, அடில கெடக்கறதை எடுக்க பிள்ளை மொத்தத்தையும் கவுத்துரும், தெனம் கவுக்கும். ஒரு முழம் நீளம், அரை முழத்துக்குள்ள ஆழம், அதுக்கு மேல வேணாம். பெரிய மரப்பெட்டி வச்சிருக்கவங்க மூடி டமார்னு விழுந்து விரல் நசுங்காம இருக்க மூடியைக் கழட்டிருங்க.

காசு செலவழிக்கணும்னே இல்ல. ஐஸ்கிரீம் டப்பா சொப்புக்கு ஆகும், ஸ்வீட் டப்பா பசிலுக்கு, பழைய மோர்க்குண்டான் பந்துக்கு. அட்டைப்பெட்டி மட்டும் தரைல வைக்காதீங்க, கரையான் வந்துரும், நமக்கு தெரியுறப்ப பாதி புக்கு போயிருக்கும்.

## 8. படம் ஒட்டுங்க

எழுத்து தெரியாத பிள்ளைக்கு "கார்கள்"னு எழுதி ஒட்டி என்ன பண்ண. பொம்மை வந்த அட்டைப்பெட்டில இருந்தே படத்தை வெட்டி, டப்பா முன்பக்கம் (மூடில இல்ல, மூடி மாறிரும்) செல்லோ டேப்பால முழுசா மூடி ஒட்டுங்க. செல்ஃப்லயும் அதே படத்தை ஒண்ணு ஒட்டினா டப்பா எங்க போகணும்னும் தெரியும். படத்துக்கு கீழ பெருசா தமிழ்ல பேரையும் எழுதிருங்க, படிக்கப் பழகுற வயசுல தானா உதவும்.

## 9. பிள்ளைய பழக்குறது

"ரூமை ஒதுங்க வையி"ன்னு சொன்னா மூணு வயசுப் பிள்ளைக்கு ஒண்ணுமே புரியாது, பிடிவாதம்னு நாம நெனச்சுக்கிறோம். "காரை எல்லாம் கார் கூடைல போடு சாமி"ன்னு சொல்லுங்க, போடும். அது முடிஞ்சதும் அடுத்த இனம். மொதல் ரெண்டு வாரம் நீங்களும் கூடவே தரைல உக்காந்து செய்யணும், சோபால இருந்து குரல் குடுத்தா வேலைக்கு ஆகாது.

நேரம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி. சாப்ட்டப்புறம் தூக்கத்துல சிணுங்கும், அப்போ செய்யச் சொன்னா அழுகையோடதான் முடியும், நாளைக்கு அந்த வேலைன்னாலே அழும். ஒரு பாட்டு போட்டு விடுங்க, பாட்டு முடியுறதுக்குள்ள முடியலன்னா மிச்சத்தை நீங்க எடுத்து வைங்க, அதுக்கு திட்ட வேணாம். பிள்ளை வச்சது கோணலா இருக்குன்னு அது முன்னாடியே எடுத்து திருத்தி வைக்காதீங்க, "அப்போ நீயே செஞ்சுக்க"ன்னு விட்டுரும்.

கட்டி முடிக்காத பிளாக்ஸ் வீடு இருந்தா அதைக் கலைக்கச் சொல்லாதீங்க. அதுக்குன்னு ஒரு பலகையோ பழைய தாம்பாளமோ குடுத்துருங்க, அதுமேல கட்டுனது எத்தனை நாள்னாலும் இருக்கலாம், தரைல கட்டுனது ராத்திரி கலையும்.

## 10. புதுசு வர்றப்ப

சித்திரை மாசம் நம்ம ஊர்ல பொம்மைக்கு வழியே அடைக்க முடியாது. தேருக்கு ஒண்ணு, அழகர் எதிர்சேவைக்கு ஒண்ணு, பொருட்காட்சில ரெண்டு, மாமா ஒண்ணு, சித்தி ஒண்ணு, அதுபோக பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட். தடுக்கறது நடக்காது. வர்றது வரட்டும், மூணு நாள் ஆசை தீர விளையாடட்டும், அப்புறம் அது எந்த இனமோ அந்தக் கூடைக்கு போகணும், கூடை நிறைஞ்சிருந்தா அதே இனத்துல ஒண்ணு பரண் ஏறணும். எது ஏறணும்னு பிள்ளையே சொல்லட்டும். கூடை நிறையுறதுதான் அளவு, நீங்க கணக்கு சொல்ல வேணாம்.

வாங்கறப்ப ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க. 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1ல இருந்து அது கட்டாயம். பதிவு செஞ்ச கைவினைஞர்கள் செய்யுற பொருளுக்கு விலக்கு இருக்கு, அதனால மரச் சொப்புல முத்திரை இல்லாம இருக்கலாம், அதுல சாயம் கைல ஒட்டுதான்னு ஈர விரலால தேச்சுப் பாத்துட்டு வாங்குங்க. விளாச்சேரி மண் பொம்மையை பொம்மை ரூமுக்குள்ள விடாதீங்க, அது கொலுப்படிக்கு உள்ளது, ஒரே நாள்ல மூக்கு போயிரும்.

## 11. மூணு மாசத்துக்கு ஒரு தடவை

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை கண்டிப்பா எல்லாக் கூடையையும் எறக்கி பின்பக்கச் சுவரைப் பாருங்க, ஓதம் ஏறியிருந்தா புக்கையும் அட்டை விளையாட்டையும் அந்தப் பக்கம் வைக்காதீங்க. பரண் பைக்குள்ள பாச்சா உருண்டை போடாதீங்க, பிள்ளை மிட்டாய்னு வாயில வச்சுக்கும், அது விஷம். காஞ்ச வேப்பிலையை துணில முடிஞ்சு போடுங்க, வசம்பும் போடலாம். ஆனா அதையும் பொம்மையை எறக்குறப்பவே வெளில எடுத்துரணும்.

கிளாம்ப் ஸ்க்ரூ ஆடுதான்னு கையால அசைச்சுப் பாருங்க, பேட்டரி மூடியை இன்னொரு சுத்து இறுக்குங்க. பிள்ளை வளந்திருக்கும், போன தடவை எட்டாதுன்னு நெனச்ச தட்டு இப்போ எட்டும், கத்திரிக்கோலும் பெயிண்ட்டும் ஒரு தட்டு மேல போகணும். ரெண்டாவது பிள்ளை தவழ ஆரம்பிச்சிருச்சுன்னா அட்டைக் குழாயை எடுத்துட்டு மூணாவதுல இருந்து திரும்ப ஆரம்பிங்க.